எரித்தால் போதாது, எழுப்பவும் வேண்டும்

ஊவாத் தோட்டங்களின் கோயில் கமிட்டியினருக்கு ஒரு திறந்த மடல்

பதுளை, ஹாலிஎல, டெமோதர, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களின் கோயில் கமிட்டித் தலைவர்மாருக்கும், செயலாளர், பொருளாளர்மாருக்கும், அங்கத்தவர் எல்லோருக்கும்:

மாசிக்கு முன் உங்கள் கமிட்டிக் கூட்டம் கூடும். வீட்டுக்கு எவ்வளவு வரி எடுப்பது, மின்விளக்கு அலங்காரத்துக்கு யாரைப் பிடிப்பது, எந்த இசைக்குழுவை அழைப்பது என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான், மன்மதனை எரித்து எழுப்பும் காமன் கூத்தின் பக்கம் பேச்சுத் திரும்பும். "பழைய மாதிரி பிறை கண்டதுல இருந்து ஆட யாருக்கு நேரம் இருக்கு? ஒரே ராத்திரியில எரிச்சு முடிச்சிடுவோம்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்களும் சரியென்பார்கள். அப்படிச் சரியென்று சொல்வதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேரமில்லை என்பது உண்மைதான். பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். இரண்டு நாள் லீவு எடுத்து வருவதற்கே படாத பாடு படுகிறார்கள். கூத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால் சுருக்குங்கள். ஆனால் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்ட வேண்டும். நான் பார்த்த தோட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது காமனின் மனைவி ரதியின் புலம்பல். அடுத்தது, எரிந்த காமனை எழுப்பும் சடங்கு. தீ வைக்கும் கட்டம் மட்டும் எந்தத் தோட்டத்திலும் விடுபடுவதில்லை.

இந்தத் தெரிவு தவறு என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். நம் புராணங்களில் தீ எங்கும் கதையின் முடிவாக நிற்பதில்லை. எரித்தவனிடம் போய் நியாயம் கேட்க ஒருத்தி இருக்கிறாள். எரிந்தவன் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. சுட வேண்டிய தீ குளிர்ந்துபோகும் நேரமும் வருகிறது. இவற்றை விட்டுவிட்டு எரிப்பதை மட்டும் நாம் வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவது பாதிக் கதை.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகள். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் பக்கத்திலிருந்து கோப்பிக் காலத்தில் மன்னார்க் காடுகள் வழியே நடந்து வந்தவர்கள், கையில் கொண்டுவர முடியாததை நெஞ்சில் கொண்டுவந்தார்கள். ஊரில் மாசிக் காமன் பண்டிகையாக இருந்தது இங்கே வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்கும் வரிசைவீட்டு லயத்துக்கும் நடுவே கூத்தாக வேர்விட்டது. பகலெல்லாம் மலையில் நின்றவர்கள் இரவில் தேவேந்திரனாகவும் எமதர்மனாகவும் வீரபத்திரனாகவும் மாறிய இடம் அது.

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுகிறார்கள். ஆமணக்குக் கொம்பும் கரும்பும் நட்டு வைக்கோல் புரி சுற்றுகிறார்கள். மதன் என்னும் காமன், ரதி வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். பௌர்ணமி வரை இந்த ஏற்பாடு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் கம்பத்தில் தீ வைப்பதற்கு எத்தனையோ நாள் முன்பே பொட்டலின் ஓரத்தில் இன்னொரு தீ எரிகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா?

அது தப்பு என்னும் பறையைக் காய்ச்சும் தீ. வைக்கோலும் பழைய கடதாசியும் போட்டு மூட்டியது. மலைப் பனியில் தப்பின் தோல் தொய்ந்து கிடக்கும். தப்புக்காரர்கள் அந்தத் தீயைச் சுற்றிக் குந்தியிருந்து தப்பை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்கள். ஒருவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் மந்தமாக வந்தால் மறுபடியும் அனலில் பிடிப்பார். தோல் இறுகிச் சுளீரென்று சத்தம் கிளம்பிய பிறகே எழுந்து நிற்பார். சிவனுடைய நெற்றிக்கண் திறப்பதற்கு முன்னால் இந்தத் தீ எரிந்தாக வேண்டும். இதில்லாமல் அடி இல்லை. அடி இல்லாமல் ஆட்டம் இல்லை.

விடியற்காலையில் பிரட்டுக்கு ஆளை எழுப்பியதும் இதே தப்புத்தான். சாவு வீட்டிலும் திருவிழாவிலும் முன்னால் போனதும் இதுதான். அதை அடித்த கைகளைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தும் பழக்கம் நம் தோட்டங்களில் இருந்தது. சில இடங்களில் வேறு பெயரில் இன்னும் இருக்கிறது. காமன் கம்பத்துத் தீயைக் கும்பிடுகிறவர்கள் தப்புக் காய்ச்சும் தீக்கு மரியாதை தராமல் இருப்பது எந்த சாஸ்திரத்துக்கும் பொருந்தாது.

கூத்தின் கதைக்கு வருகிறேன். தேவர்களின் ஓலையோடு தூதன் வருகிறான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் மலர்க்கணை தொடுக்க மதன் புறப்படுகிறான். ரதி கெட்ட கனவு கண்டிருக்கிறாள். போக வேண்டாமென்று தடுக்கிறாள். சிவனோடு மோதாதே என்று வாதாடுகிறாள். அவன் கேட்பதில்லை. கரும்பு வில்லை வளைக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது. பௌர்ணமி இரவில் கம்பம் பற்றி எரிகிறது.

அதன்பிறகு தப்பின் அடி மாறுகிறது. ரதி வேடம் கட்டியவர் தலைப்பூவைப் பிய்த்தெறிந்து, சாம்பலைச் சுற்றி வந்து ஒப்பாரி வைக்கத் தொடங்குவார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வட்டமாக நிற்கும் பெண்கள் விசும்புவது கேட்கும். மதன் ஒருவனுக்காக அவர்கள் அழுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வழிநடையில் செத்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள், கோச்சி ஏறிப் போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த அழுகை. 1948இல் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 150,000 பேரின் தலைவிதி 1974 வரை இழுபட்டது. அண்ணன் போகத் தம்பி நின்றான். தாய் போக மகள் நின்றாள். கூத்து வாத்தியார்மாரும் தம் பாட்டுக் கொப்பிகளோடு அந்தக் கூட்டத்தில் போனார்கள். ரதியின் புலம்பலில் இவ்வளவும் இருக்கிறது. இதைத்தான் நேரம் போதவில்லை என்று வெட்டுகிறோம்.

ரதி அழுதுவிட்டு ஓய்ந்துபோகிறவளும் இல்லை. தேவர்கள் சொல்லித்தானே என் புருஷன் வந்தான், அவன் செய்த குற்றம் என்ன என்று கடவுளிடமே கேட்கிறாள். அந்தக் கேள்விக்குச் சிவன் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மதனை எழுப்பிக் கொடுக்கிறார். ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவோடு தெரிவான், மற்றவர்க்கு உருவமில்லை என்பது வரம். சில தோட்டங்களில் அன்றிரவே, சில தோட்டங்களில் மூன்றாம் நாள் காமனை எழுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் லாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவார்கள். ஊரார் முன்னால் அப்படி ஒரு வாதம் நடக்கிறதென்றால், எரிப்பதை யாரும் இறுதித் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றே அர்த்தம்.

நம் ஊவாவுக்கு இந்தக் கதையில் தனி உரிமை இருக்கிறது. தேவர்கள் காமனை ஏன் அனுப்பினார்கள்? சூரபத்மனை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும். தவத்தில் இருப்பவர் கண் திறந்தால்தான் பார்வதி திருமணம். அந்தத் திருமணம் நடந்தால்தான் பிள்ளை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது. நெற்றிக்கண் முதலில் காமனை எரிக்கிறது. திருக்கல்யாணத்தின்போது ரதி வேண்ட, காமன் உயிர் பெறுகிறான். பிறகு அதே நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறிகள் புறப்படுகின்றன. வாயுவும் அக்கினியும் அவற்றைச் சுமந்து கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் சேர்க்கிறது. ஆறு பொறிகளும் ஆறு குழந்தைகள் ஆகின்றன.

காமனைச் சாம்பலாக்கிய தீயும் முருகனாகப் பிறந்த தீயும் ஒரே கண்ணில் இருந்து வந்தவை. சிவன் காமனை எரித்த தலமென்று சைவர்கள் கொண்டாடும் திருக்குறுக்கை மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணில் பிறந்தவன் குடிகொண்ட கதிர்காமமோ மொனராகலை மாவட்டத்தில், நம் மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது. மாசியில் காமனை எரிக்கும் தோட்டத்து மக்களே ஆடியில் கதிர்காமத்துக்குப் பஸ் பிடிக்கிறார்கள். எரிந்ததிலிருந்து பிறந்தது வரை முழுக் கதையும் ஒரே வருடத்தில், ஒரே மாகாணத்தில் நடந்து முடிகிறது. இப்படியொரு வாய்ப்பு வேறு எந்த ஊர்க்காரருக்கு இருக்கிறது?

இன்னொரு தீயும் நம் பதுளை மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சீதை தீக்குளித்த இடம் வெலிமடைப் பக்கத்துத் திவுரும்பொல என்பது இவ்வூர் நம்பிக்கை. இன்று அங்கே ஒரு பௌத்த விகாரை இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் இராமாயண யாத்திரைக்காரர்களும் வருகிறார்கள். அந்தக் கதையைக் கோயில் மேடைகளில் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெண் தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற பாடமாக அதைச் சொல்லாதீர்கள். வால்மீகியில் அக்கினி தேவனே சீதையை ஏந்திவந்து இராமனிடம் ஒப்படைக்கிறான். கம்பனில் சீதையின் கற்பு தன்னைச் சுட்டுவிட்டதென்று அக்கினியே முறையிடுகிறான். தீ அவளைச் சோதித்த கதையாக அது நிற்கவில்லை. அவளைச் சந்தேகித்தவர்களுக்கு எதிராகத் தீ சாட்சி சொன்ன கதையாக நிற்கிறது. படங்கைக் கட்டிக் கூடையைச் சுமந்துகொண்டு மழையிலும் வெயிலிலும் மலை ஏறும் நம் பெண்கள் எவரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்தச் சீதையே தீயைக் குளிரச் சொன்னவளும்கூட. அனுமன் வாலில் தீ வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும், அவனுக்கு நீ குளிர்ச்சியாக இரு என்று அக்கினியை வேண்டிக்கொள்கிறாள். இலங்கையை எரித்த அதே தீ அனுமனைச் சுடவில்லை. இதைப் பசறை, பதுளைக் கடைத்தெருவில் இருக்கும் முஸ்லிம் நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். இப்ராஹீம் நபியை மன்னன் தீக்குண்டத்தில் எறிந்தபோது, அவருக்குக் குளிர்ச்சியாகவும் சுகமாகவும் இருக்கும்படி இறைவன் தீக்குக் கட்டளையிட்டதாகக் குர்ஆன் கூறுவதை அவர்கள் உடனே நினைவுபடுத்துவார்கள். தோட்டத்து வேதக்காரப் பிள்ளைகளுக்குத் தானியேல் புத்தகத்தின் மூன்று வாலிபர்களைத் தெரியும். பாபிலோன் அரசனின் சூளைக்குள் அவர்கள் உலாவினார்கள். பிரகலாதனை மடியில் வைத்துத் தீயில் அமர்ந்த ஹோலிகா எரிந்தாள், பிள்ளை பிழைத்தான் என்பது வட இந்தியாவின் ஹோலிக் கதை; அதுவும் பங்குனியை ஒட்டிய பௌர்ணமித் தீதான். நல்லவர்களைத் தீ தொடாது என்று சொல்லிக்கொள்ள ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது. ஏனென்றால் நிசத்தில் தீ ஆள் பார்ப்பதில்லை. அதை எல்லோரும் அறிந்திருந்ததால்தான் கதையிலாவது அது ஆள் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

அந்த ஆசையை உடம்பால் செய்து பார்ப்பதுதான் தீமிதிப்பு. நம் மாரியம்மன் கோயில்களிலும், உடப்பு, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில்களிலும் நடக்கிறது. திரௌபதையே துருபதனின் வேள்வித் தீயில் பிறந்தவள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் மொரிசியசுக்கும் ரியூனியனுக்கும் பீஜிக்கும் இதைக் கொண்டுபோனார்கள். மொழியே மறந்துபோன ரியூனியனில்கூடத் தீமிதிப்பு நின்றிருக்கிறது. விறகுக் கரியும் அதன்மேல் படியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகின்றன, பாதம் படும் நேரமும் கொஞ்சம் என்று விஞ்ஞானம் விளக்கம் சொல்கிறது. அந்த விளக்கம் நேர்த்தியைக் குறைப்பதில்லை. பிள்ளைக்கு அம்மை கண்டபோது நேர்ந்துகொண்ட தாய் குழியின் விளிம்பில் நிற்கும்போது அவள் மனதில் இருக்கும் பயமும் உறுதியும் எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை.

கதிர்காமத்துத் தீமிதிப்பு நமக்கு மட்டும் சொந்தமானதாக இப்போது இல்லை. முன்னர் பெரும்பாலும் தமிழ்ப் பக்தர்கள் முன்னின்று நடத்திய அந்த நேர்த்தி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சிங்கள பௌத்தரிடையே எப்படிப் பரவியது என்பதை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1978இல் எழுதிய ஆய்வொன்றில் விளக்கியிருக்கிறார். இதை இழப்பாகப் பேசுகிற நம்மவர்கள் இருக்கிறார்கள். பெருவாரியானவர்கள் வந்து சேரும்போது சிறுபான்மையினர் ஓரத்துக்குத் தள்ளப்படுவது உண்மையான கவலை. அதை நான் ஒதுக்கவில்லை. அதே நேரம், ஒரே அனலில் இரண்டு மொழி பேசும் பாதங்கள் நடப்பதை வேறு எங்கே பார்க்கப் போகிறோம்? திருவிழா முடிவில் மாணிக்க கங்கையில் நீர்வெட்டு நடக்கிறது. தீயில் தொடங்கிய நேர்த்தி தண்ணீரில் முடிகிறது.

சிங்கள அயலவர்களுக்குக் காமன் புதியவனும் இல்லை. பதுளை நகரின் நடுவில் முத்தியங்கனை விகாரை இருக்கிறது. அங்கே விளக்கேற்றும் எவருக்கும் போதி மரத்தடியில் புத்தரைக் கலைக்க வந்த மாரனைத் தெரியும். அசுவகோஷர் தம் புத்தசரிதத்தில், உலகம் காமதேவன் என்று அழைப்பவனும் மாரனும் ஒருவனே என்று சொல்கிறார், மலரம்பும் கொடுக்கிறார். சிவன் அவனை எரித்தார். புத்தர் அசையாமல் இருந்தே வென்றார். ஞானம் பெற்ற பின் கயாசீசத்தில், அதுவரை தீயை வணங்கிவந்த ஆயிரம் சடைமுடித் துறவிகளுக்குப் புத்தர் உபதேசித்தபோது, கண்ணும் காதும் மனமும் ஆசையாலும் வெறுப்பாலும் மயக்கத்தாலும் எரிந்துகொண்டிருக்கின்றன என்றார். நம் கதையில் ஆசையைத் தீ எரிக்கிறது. அவர்கள் போதனையில் ஆசையே தீ. காமன் பொட்டலுக்கு வந்து நிற்கும் சிங்கள அயலவருக்கு இதைச் சொன்னால் கூத்து அவருக்கும் புரியும்.

எரிந்ததைப் பற்றிப் பேசும்போது 1983 இனக்கலவரத்தைப் பேசாமல் போக முடியாது. ஜூலை 27ஆம் திகதி பகலில் பதுளைக் கடைத்தெருவில் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். பிறகு வீடுகள் எரிந்தன. அங்கிருந்து கும்பல்கள் பண்டாரவளைக்கும் ஹாலிஎலவுக்கும் வெலிமடைக்கும் போயின. இரவாவதற்குள் லுணுகலையும் எரிந்தது. அந்த நாளில் தமிழர்களைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. அதையும் மறக்கக் கூடாது.

மதுரையை எரித்த கண்ணகிகூட அக்கினியிடம் ஒரு வரம்பு சொன்னாள். முதியோரை, குழந்தைகளை, அறவோரைத் தொடாதே என்றாள். தீயவர் பக்கம் மட்டும் போ என்று ஏவினாள். அவள் கோபம் அடங்க வேண்டுமென்று மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு செய்கிறார்கள். சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். நியாயமான கோபத்தில் மூண்ட தீயைக்கூட வருடந்தோறும் குளிர்விக்க வேண்டும் என்று நினைத்த சமூகங்கள் இவை. பதுளையில் 83இல் மூண்ட தீக்கு வரம்பு சொல்ல யாருமில்லை. அதைக் குளிர்விக்கும் சடங்கும் இதுவரை நடக்கவில்லை. எழுப்பும் பகுதியை வெட்டாதீர்கள் என்று நான் கேட்பதற்கு இதுவும் காரணம். எரிப்பதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு எரிந்ததைக் கட்டியெழுப்பத் தெரியாது.

தீயில் இன்னுமொரு வகை இருக்கிறது. நாம் அதிகம் கும்பிடாதது, ஆனால் நாள் தவறாமல் மூட்டுவது: அடுப்பு. வடலூரில் இராமலிங்க வள்ளலார் 1867 மே மாதம் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவர் எவர் வந்தாலும் அங்கே சோறு உண்டு. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெயிலர் நம் மலையகத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பசி தாங்காமல் தமிழ்நாட்டை விட்டு ஜனங்கள் கப்பல் ஏறிய காலம் அது. ஒருவர் அந்தப் பசிக்கு அடுப்பு மூட்டினார். அந்தப் பசியையே கூலியாக்கி இந்த மலைகளில் ஒரு தொழில் வளர்ந்தது.

நம் லயத்துக் காம்பராக்களில் விடியுமுன் எழுந்து, கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த தேயிலை மிலாறை ஒடித்து அடுப்பு மூட்டும் பெண், வடலூர் அடுப்பின் வேலையைத்தான் செய்கிறாள். அந்தப் புகையை அவள் நெஞ்சு தாங்குகிறது. தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கும் சூளை இரவெல்லாம் எரிகிறது. அந்த இயந்திரத்தைக் காக்க ரோதைமுனிக்குப் பூசை போடுகிறோம். அடுப்புத் தீக்கு முன்னால் குனிந்திருப்பவளுக்குக் கோயில் கமிட்டியில் எத்தனை நாற்காலி கொடுத்திருக்கிறோம்?

இப்போது என் கோரிக்கைகள்.

கூத்தைச் சுருக்குவதென்றால் வேறு எதையாவது சுருக்குங்கள். ரதியின் புலம்பலுக்கும் காமனை எழுப்புவதற்கும் நேரம் ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். எரிப்பதைப் பௌர்ணமி இரவில் வைத்து, எழுப்புவதை அடுத்து வரும் ஞாயிறில் வைத்தாலும் பிழையில்லை. கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் அதிலாவது நிற்பார்கள்.

தப்புக்காரருக்கு உரிய சம்பளத்தைக் கொடுங்கள். மற்றக் கலைஞர்களுக்குப் போடும் மாலையை அவர்களுக்கும் போடுங்கள். ஒலிபெருக்கிப் பாட்டு தப்பை மூழ்கடிக்க விடாதீர்கள். பூசைத் தட்டு அவர்களிடம் வரும்போது மற்றவர்களிடம் வரும் அதே முறையில் வர வேண்டும்.

வயதான கூத்து வாத்தியார்மார் இருக்கும் தோட்டங்கள் கொடுத்துவைத்தவை. அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பாட்டுக் கொப்பிகள் கிடக்கின்றன. மழை பட்டால் போச்சு. பாடசாலைப் பிள்ளைகளை அனுப்பிக் கைபேசியில் படமெடுக்கவும், அவர்கள் குரலைப் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்யுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பாதியை இன்று நாம் கேட்டே இருக்கமாட்டோம். இனி அந்த வேலையை ஒவ்வொரு தோட்டமும் தனக்குத் தானே செய்ய வேண்டும்.

ரதி வேடத்தை இதுவரை ஆண்கள் கட்டினார்கள், அழகாகவும் கட்டினார்கள். இனிப் பெண்பிள்ளைகளும் கட்டட்டும். கடவுளிடம் நியாயம் கேட்கும் பாத்திரத்தை எங்கள் பெண்பிள்ளை ஒருத்தி பொட்டலின் நடுவில் நின்று பாடுவதைத் தோட்டம் கேட்க வேண்டும். கமிட்டியிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

தீயோடு விளையாடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்து லயங்களுக்கு ஒரே கூரை. ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுவதும் போகும். லயத்துத் தீ எத்தனை குடும்பங்களின் பத்திரங்களையும் பாடப் புத்தகங்களையும் தின்றிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். திருவிழா விளக்குகளுக்கு லயத்து வயரில் இழுக்காதீர்கள். தகுதியான மின்வேலைக்காரரைக் கொண்டு தனியாக இணைப்பு எடுங்கள். கம்பத்தை லயத்துக்கும் மரத்துக்கும் தள்ளி ஊன்றுங்கள். பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாயும் மணலும் இருக்கட்டும். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவரையும் பூக்குழியில் இறங்க விடாதீர்கள். நேர்த்தி நேர்ந்தவருடையது, குழந்தையுடையது அல்ல.

தனிவீட்டுத் திட்டங்கள் வரும்போது காமன் பொட்டலுக்கு வரைபடத்தில் இடம் கேளுங்கள். வீடு எவ்வளவு அவசியமோ, கூடி நிற்க ஓர் இடமும் அவ்வளவு அவசியம். நிலத்தை அளக்க வருபவர்களிடம் கமிட்டியாகப் போய், எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக, அயல் கிராமத்து மக்களை எரிக்கும் இரவுக்கு அழைப்பதோடு நிறுத்தாமல் எழுப்பும் நாளுக்கும் அழையுங்கள். கதையைச் சிங்களத்தில் சொல்ல நம் பிள்ளைகளால் முடியும். ஒரு தாளில் இரண்டு மொழியிலும் அடித்துக் கொடுத்தால் போதும். ஒருகாலத்தில் தீயைக் கண்டு பயந்து ஒளிந்த அதே ஊர்களில், எரிந்தவன் எழுந்து வருவதை இரண்டு சமூகமும் சேர்ந்து நின்று பார்ப்பதைவிடப் பெரிய குளிர்த்திச் சடங்கு வேறில்லை.

இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். பௌர்ணமியில் காமனை எரியுங்கள். பிறகு தவறாமல் எழுப்புங்கள். இரண்டையும் செய்த தோட்டம்தான் கூத்தை முழுதாக நடத்திய தோட்டம்.

அன்புடன்,
ஊவாத் தோட்டமொன்றில் பிறந்தவன்